வசந்தா பேசிய கேசட்

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் செல்போனை மேஜைமேல் குப்புறப் போட்டுவிட்டு ஒரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "நீங்க பாட்டுக்குப் பேசுங்கம்மா, ரெக்கார்ட் ஆகுறதே உங்களுக்குத் தெரியாது." அடப்பாவி என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஓய்வு பெற்றவள், விருந்தாளியாக வந்தவள், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆய்வு உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் படியுங்கள். அந்தப் பையன் இரண்டு தடவை படிக்கட்டும்.

எண்பதுகளின் நடுவில் நான் மொழியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு, என் வழிகாட்டியிடமே ஆய்வு உதவியாளராக இருந்தேன். உதவியாளர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நடப்பது, பேட்டரி வாங்குவது, பேச ஆள் பிடிப்பது, பேசியதைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்குவது, சார் தன் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தார் என்று தேடுவது. இதில் கடைசி வேலைதான் அதிகம்.

சாரின் பெயரை எழுதப் போவதில்லை. இருக்கும்போதே தன் பெயர் அச்சில் வந்தால் கூசிப்போகிற ஆள். இப்போது இல்லாதபோது நான் எழுதினால் எங்கிருந்தாவது திட்டுவார். முன்கோபி. ஆனால் கோபம் வந்த வேகத்திலேயே போய்விடும், போன பிறகு நமக்கு ஒரு பன் வாங்கிக் கொடுப்பார். சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் என்று ரயில் பாதையை ஒட்டி ஜனங்கள் பேசுகிற தமிழ்தான் அவருடைய ஆராய்ச்சி. அதிலும் 'கொண்டு' என்ற சொல் தேய்ந்து 'கினு' ஆன கதை. 'வந்துகொண்டு' என்பது அங்கே 'வந்துகினு'. அந்தக் கினுவுக்காக மனுஷன் சோறு தண்ணி இல்லாமல் அலைந்தார்.

என்னை ஏன் உதவியாளராக எடுத்தார் என்றால், நான் ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்குள் ஒரு தமிழ், தெருவில் விளையாடப் போனால் 'இன்னா', 'கீது' என்று இன்னொரு தமிழ். தெருத் தமிழோடு வாசற்படி ஏறினால் அம்மா வாயிலேயே போடுவாள். கல்லூரிக்குப் போனதும் மூன்றாவதாக ஒரு தமிழைக் கற்றுக்கொண்டு, அதற்கப்புறம் அதிலேயே இஸ்திரி போட்ட மாதிரி பேசித் திரிந்தேன்.

முதல் சில மாதங்கள் ஒன்றும் உருப்படவில்லை. காரணம் எங்கள் டேப் ரெக்கார்டர்தான். அது கெட்டுப்போனதால் இல்லை, அதைப் பார்த்ததும் ஜனங்கள் கெட்டுப்போனதால். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், "இன்னா சார், ரேடியோல வருமா இது? ஊட்டாண்ட சொல்லிக்கினு வந்துர்றேன்" என்று வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார். சாருக்கு வாயெல்லாம் பல். டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து ரெக்கார்டரை அமுக்கினோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பேரன்பு கொண்ட பெரியோர்களே, அருமைத் தாய்மார்களே" என்று ஆரம்பித்துவிட்டார். கேசட் தீரும்வரை ஒரு கினு இல்லை. சார் தலையில் கைவைத்துக்கொண்டார். அவரோ முடித்துவிட்டு, "இன்னா சார், கரீட்டா பேசிக்கினேனா?" என்றார். சொல்லிவிட்டார், ரெக்கார்டரை நிறுத்திய பிறகு!

இது ஒருவர் இருவர் இல்லை, எல்லாரும் இப்படித்தான். மைக்கைக் கண்டால் மேடைத் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் ஊரில் இது கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன். வாயில் இருக்கும் தமிழ் ஒன்று, மைக்குக்கு என்று எடுத்துவைத்திருக்கும் தமிழ் வேறு.

இதில் நான் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. ஒரு வயதான அம்மா பேசியதை எழுத்தில் இறக்கியபோது, அவர் 'கீறேன்' என்றதையெல்லாம் 'இருக்கிறேன்' என்று எழுதிவைத்தேன். வேண்டுமென்றே செய்யவில்லை, கை தானாகச் செய்தது. பெரியவர்கள் பேச்சை அப்படியே எழுதினால் மரியாதைக் குறைவு என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லியிருக்க வேண்டும். சார் படித்துவிட்டுக் கேட்டார்.

"இந்தம்மா இப்படியா பேசினாங்க?"

"இல்லை சார்."

"அப்ப இது யார் பேசினது? அவங்க வாயை மூடிட்டு உன் வாயைத் திறந்து வச்சிருக்கே. போய் எழுது, முதலேர்ந்து."

எழுதினேன். அன்றைக்குப் பன் கூட வரவில்லை.

வசந்தாவை மின்சார ரயிலில்தான் பிடித்தேன். பெண்கள் பெட்டியில் நாலு பேருக்கு நடுவில் நின்று மாமியார் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், பெட்டியே சிரித்துக்கொண்டிருந்தது. அம்பத்தூரில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி காயில் சுத்துகிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. வீடு நெமிலிச்சேரிப் பக்கம். வீட்டுக்காரர் இல்லை, ஒரே பெண். ஆளைப் பார்த்ததுமே என்னை "டீச்சரு" என்றாள். நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். "அட, எழுதிக்கினே கீறியே, அப்ப டீச்சருதான்" என்று முடித்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். அதற்குள் நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பெயர், ஊர், தொழில் என்று கேட்டால்தானே மேடைத் தமிழ் வருகிறது? நேராக, "உங்க தெரு பம்புல சண்டை வருமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். வசந்தா மைக்கையும் மறந்தாள், எங்களையும் மறந்தாள். குடம் வைத்ததிலிருந்து முடியைப் பிடித்ததுவரை நடித்தே காட்டினாள். கினு கினுவாகக் கொட்டியது. சார் கண்ணை மூடிக் கச்சேரி கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நடுவில் அவள் மகள் வெளியிலிருந்து வந்தாள். கலைச்செல்வி. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாமாண்டு. "வணக்கம். நான் உள்ளே படித்துக்கொண்டிருக்கிறேன் அம்மா" என்று ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்துவைத்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வசந்தா எங்களைப் பார்த்துக் கண்ணடித்து, "பாத்தியா, டிவி நியூஸ் மாறியே பேசுது" என்றாள். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

பிறகு அவளாகவே ஒன்று சொன்னாள். கேசட்டில் இருந்தது இதுதான், அம்மா மகள் இருவரையும் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன்:

"காலேஜ்ல பெத்தவங்கள வரச்சொன்னாங்க டீச்சரு. நா நல்ல பொடவயா கட்டிகினு, பூ வச்சிகினு ரெடியாகீறேன். எங்க கலை இன்னா சொல்லுது தெரியுமா? 'எம்மா, நீ வா. ஆனா வாயத் தொறக்காத. யார்னா பேசுனா சிரி, போதும்'னுது. நானும் போயி சிரிச்சிகினே ஒக்காந்துகினு இருந்தேன். அங்க கீற வாத்தியாருங்கல்லாம் இந்தம்மாவுக்கு இன்னா, லூஸான்னு பாக்கறாங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேசட்டில் ரொம்ப நேரம் போகும். போகப்போகக் கொஞ்சம் இறங்கும். எழுத்தில் இறக்குவதற்காக அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேனே, ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒலியைக் குறைத்துவிடுவேன். அதற்காக அந்தப் பெண்மேல் கோபமும் வரவில்லை. நானும் வாசற்படிக்கு ஒரு தமிழ் வைத்திருந்தவள்தானே.

கிளம்பும்போது சார், "இது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தாம்மா. புத்தகத்துல எழுதினாலும் உங்க பேரு வராது" என்று சொன்னார். சத்தியமாக நம்பித்தான் சொன்னார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு கருத்தரங்கு. சார் பேச வேண்டும், நான் டேப் ரெக்கார்டரை இயக்க வேண்டும். எங்கள் ஆராய்ச்சியை இன்னும் ஒரு வருடம் தொடர விடலாமா என்று முடிவு செய்கிற பெரியவர்கள் முன்வரிசையில். இடம்? கலைச்செல்வி படிக்கும் அதே கல்லூரி. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான், அம்பத்தூர் டீக்கடையில் நாலு ஆண்கள் அரட்டை அடித்த கேசட்டைத் தனியாக எடுத்துவைத்திருந்தேன். காலையில் சோதித்துப் பார்க்கலாம் என்று போட்டேன். மெஷின் அந்தக் கேசட்டைத் தின்றுவிட்டது. நாடா குடல் குடலாக வெளியே வந்துவிட்டது. பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன், நைந்துபோயிருந்தது.

சொன்னதும் சார் மேடையில் இருந்தபடியே பைக்குள் கைவிட்டு ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார். "நெமிலிச்சேரியைப் போடு. பம்பு சண்டை."

"சார், அது வேண்டாம் சார்."

"ஏன்? பேரா சொல்லப்போறோம்?"

இந்தப் பக்கம் கல்லூரி முதல்வர், அந்தப் பக்கம் தமிழ்த்துறைத் தலைவர், நடுவில் மைக் உயிரோடு இருக்கிறது. நான் எதைச் சொல்ல? சார் அன்றைக்குப் பயந்துபோயிருந்தார். அத்தனை வருட உழைப்பு நின்றுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்ன வார்த்தையும், வசந்தாவின் மகள் படிப்பது இங்கேதான் என்பதும் அவருக்கு மறந்துபோயிருந்தது. கேசட்டைப் போட்டேன்.

வசந்தாவின் குரல் பெரிய ஒலிபெருக்கியில் வந்தது. "நா கொடத்த வச்சிகினு நின்னுகினு கீறேன், இவ இன்னா நடுவுல பூந்துகினு வர்றா..."

கூடமே சிரித்தது. முதலில் நல்ல சிரிப்புதான், சண்டைக்குச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு அது மாறியது. பின்வரிசையில் ஒருவன் "கீது, கீது" என்று குரல் கொடுத்தான். அதற்கு ஒரு சிரிப்பு. அடுத்தவன் "ஊட்டாண்ட வா மாமே" என்றான். அதற்கு இன்னொன்று. அவர்களைத் திட்டாதீர்கள். பாதிப்பேர் வீட்டில் அதே தமிழ்தான். தன் வீட்டுக் குரல் மைக்கில் வந்தால், முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு பயம் இருக்கிறது பாருங்கள், அது.

கலைச்செல்வியைத் தேடினேன். மூன்றாவது வரிசையில் இருந்தாள். பெற்ற தாயின் குரல், தெரியாமல் போகுமா? பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே அவள் தோளில் இடித்தாள். கலைச்செல்வியும் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை எதிரிக்குக்கூட நான் கேட்கமாட்டேன்.

பம்பு சண்டை முடிந்தால் அடுத்து வருவது என்ன என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் நினைவில் இருந்தது. "எங்க கலை இன்னா சொல்லுது தெரியுமா?" பெயர் வரும். காலேஜ் வரும். வாயைத் திறக்காதே என்று அவள் அம்மாவிடம் சொன்னது வரும். அதற்குப் பிறகு அந்தப் பெண் மீதி வருடங்களையும் அங்கேயே படிக்க வேண்டும். படிப்பாளா?

நிறுத்தலாம். நிறுத்தினால் என்ன ஆகும்? சாரின் மானம் போகும். அதைவிட, கடைசியாகக் கூடத்தில் நிற்பது அந்தக் கேலிச் சிரிப்பாக இருக்கும். கேட்கக் கூசுகிற மாதிரி ஏதோ ஒன்றை நாங்களே மூடிவிட்டோம் என்று ஆகும். நிறுத்தாமல் விட்டால் பெண் தொலைந்தாள். இப்படித்தான் நம் தொழிலில் நெருக்கடி வரும். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை, விரல் ஒரு பொத்தான்மேல் இருக்கும், அவ்வளவுதான்.

அமுக்கினேன். "மன்னிக்கணும், மெஷின் தகராறு பண்ணுது. காலையிலேயே ஒரு கேசட்டைத் தின்னுடுச்சு. மீதியை நான் சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். படிக்கவில்லை, சொன்னேன். அத்தனை தடவை கேட்டதில் வசந்தா மூச்சு விடுகிற இடம்வரை எனக்கு மனப்பாடம். இஸ்திரி போட்ட தமிழைக் கழற்றி வைத்துவிட்டு, ஆவடித் தெருவில் நொண்டி ஆடியபோது பேசிய தமிழில், கையை ஆட்டி, இடுப்பில் கைவைத்து, "இன்னாமே, ஒங்கப்பன் ஊட்டு பம்பா? நா காலீல புட்சி நின்னுகினு கீறேன், நீ இப்ப வந்துகினு மொறைக்கிற?" என்று முழுச் சண்டையையும் போட்டேன். சேலை கட்டி, நெற்றியில் சின்னதாகப் பொட்டு வைத்து, அதுவரை "தயவுசெய்து அமைதி காக்கவும்" என்று சொல்லிக்கொண்டிருந்த பெண் இப்படிப் பேசியதும் கூடம் திகைத்துப்போனது. பிறகு சிரித்தார்கள். ஆனால் இப்போது சண்டைக்குச் சிரித்தார்கள். யார் ஜெயித்தது என்று தெரிந்துகொள்ள முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பின்வரிசைப் பையன்கூட வாயை மூடிக்கொண்டான். அந்தக் குரல் இப்போது யாருடைய அம்மாவின் குரலும் இல்லை, என் குரல்.

சண்டை முடிந்ததும் நானும் முடித்துவிட்டேன். கையில் எழுத்துப்படியை வைத்து வரி வரியாகத் தொடர்ந்துகொண்டிருந்த சார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார். படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் பார்வை போன பக்கம் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. தாள்களை மெதுவாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மைக்கிடம் போனார்.

"ஒரு சின்ன விஷயம். வீட்டில் அம்மாவிடம் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்கிறவர்கள் மட்டும் கை தூக்குங்கள்."

ஒரு கையும் எழவில்லை. தமிழ்த்துறைத் தலைவர் மட்டும் பாதி தூக்கினார். முதல்வர் திரும்பிப் பார்த்ததும் அதைத் தலையைக் கோதுகிற மாதிரி மாற்றிக்கொண்டார். கூடம் தன்னையே பார்த்துச் சிரித்தது. சார் அதன்பிறகு பேசிய பேச்சுதான் அவர் வாழ்நாளில் பேசியதிலேயே நல்ல பேச்சு. பெரியவர்கள் ஆராய்ச்சியைத் தொடரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சுபம் என்று எழுந்து போய்விடாதீர்கள்.

வராந்தாவில் நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கலைச்செல்வி வந்து நின்றாள்.

"என்னைப் பற்றி அம்மா அதில் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் இல்லைம்மா" என்றால் போய்விடுவாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

"சொல்லியிருக்காங்க. என்னன்னு அவங்கதான் உனக்குச் சொல்லணும், நான் சொல்லக் கூடாது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது. "நீங்கள் எல்லாம் எதற்கு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்? நாங்கள் பேசுவதை எடுத்துப்போய் ஊரெல்லாம் காட்டிச் சிரிக்கவா?" என்று கேட்டாள். அழும்போதுகூட அந்த எழுத்துச் சுத்தம் குறையவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "நீ கேக்கிறது சரி. ஞாயித்துக்கிழமை கேசட்டோட வீட்டுக்கு வர்றேன். அது உங்கம்மாவோட பேச்சு. அழிச்சிடுன்னு சொன்னாங்கன்னா அழிச்சிடறேன்" என்றார்.

"சார், நம்மகிட்ட இருக்கிறதுலயே நல்ல கேசட் சார் அது" என்றேன், அவள் போன பிறகு.

"தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வசந்தா தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, "வா டீச்சரு, வாங்க சார், இன்னா சொல்லாம கொள்ளாம" என்று ஒயர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மகள் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது. சார் உட்காராமலே சொன்னார். "உங்களைக் கேக்காம உங்க பேச்சைக் கொஞ்சம் ஒரு காலேஜ்ல போட்டுட்டேம்மா. நான் சொன்ன சொல்லை நானே காப்பாத்தல."

"காலேஜ்லயா?" வசந்தா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம கலை காலேஜா?"

கலைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். வசந்தாவின் முகத்திலிருந்து சிரிப்பு போனதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

"எல்லாத்தியும் கேட்டுட்டாங்களா?"

"பம்பு சண்டை மட்டும்தாங்க. பேர் எதுவும் வரல" என்றேன்.

"போடு. நா கேக்கணும்."

போட்டேன். முதலில் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. "யாரு இது? எங்க பெரியக்கா மாறியே கீது!" என்றாள். தன் குரல்தான் என்று தெரிந்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் சண்டைக்குத் தானே "அப்டிப் போடு" என்றாள். பிறகு அந்த இடம் வந்தது. தான் சொன்னதையே அவள் மறந்திருந்தாள் என்று நினைக்கிறேன். என் விரல் பொத்தானுக்குப் போனது. சார் தலையசைத்துத் தடுத்தார். அவள் குரல், அவள் கேட்கட்டும் என்று அர்த்தம்.

'எம்மா, நீ வா. ஆனா வாயத் தொறக்காத.'

கலைச்செல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேசட்டில் வசந்தா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து, நிறுத்து" என்று வசந்தா பதறினாள். "சார், அத்த மட்டும் அழிச்சிருங்க சார். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். புள்ள படிக்கிற எடம். நாளிக்கி யார்னா கேட்டாங்கன்னா அதுக்குத்தான அசிங்கம்?"

அந்த ஒரு நிமிடப் பேச்சில்தான் சார் தேடிய கினுவெல்லாம் வரிசையாக வந்திருந்தது. எழுத்துப்படியில் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. குனிந்து நாடாவைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்தைத் தேடிப் பிடித்தார்.

உங்களுக்கு இது தெரியாது, சொல்கிறேன். அந்த மெஷினில் அழிப்பதற்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. மேலே புதிதாகப் பதிவு செய்வதுதான் அழிப்பது. பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு எல்லாரும் பேசாமல் இருந்தால், பழைய பேச்சு போய் அந்த இடத்தில் வெறும் நிசப்தம் ஏறும். சார் உதட்டில் விரல் வைத்து எங்களைப் பார்த்தார். பதிவுக்கு ஒன்று, ஓடுவதற்கு ஒன்று என இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினார். நாடா சுற்ற ஆரம்பித்தது.

"எம்மா" என்றாள் கலைச்செல்வி.

வசந்தா மெஷினைக் காட்டி, பேசாதே என்று கையை ஆட்டினாள்.

"நா பேசுவேன்." கதவை விட்டுவிட்டு வந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அன்னிக்கி எல்லாம் சிரிச்சிகினு இருந்தாங்கம்மா. எங்கம்மாதான்னு ஒரு வார்த்த சொல்லல நானு. நானும் சிரிச்சிகினு ஒக்காந்துகினு இருந்தேன். பயமா இருந்துச்சி." மூக்கை உறிஞ்சினாள். "வர்ற வெள்ளிக்கெழம காலேஜ்ல மறுபடி பெத்தவங்கள கூப்ட்டுக்கீறாங்க. நீ வா. வந்து இன்னா வோணா பேசு. நா ஒன் பக்கத்துலயே கீறேன்."

வசந்தா தலையில் இருந்த துண்டை அவிழ்த்து மகள் முகத்தைத் துடைத்தாள், அதே துண்டில் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

சார் மெஷினை நிறுத்தினார். அவருக்கும் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. அப்புறம் மெதுவாக, "பழசு போயிடுச்சும்மா. ஆனா பாப்பா இப்ப பேசினது அந்த இடத்துல ஏறிடுச்சு. இதையும் அழிச்சிடறேன்" என்று மறுபடியும் பொத்தானிடம் கையைக் கொண்டுபோனார்.

வசந்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தத் தொட்டீன்னா கைய ஒடச்சிருவேன் சார்" என்றாள்.